கேம்பஸ் போலீஸா, சிட்டி போலீஸா? அமெரிக்கத் தனியார் பல்கலைக்கழகங்களில் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு ஒரு முழு வழிகாட்டி

ஆகஸ்டில் வந்து இறங்கும் பிள்ளைகளில் யாராவது ஒருவர் செப்டம்பர் முடிவதற்குள் எனக்குப் போன் செய்துவிடுவார். "அக்கா, பேக் போயிடுச்சு. பாஸ்போர்ட்டும் உள்ளேதான் இருந்துச்சு. ரெண்டு போலீஸ் வந்தாங்க, ரெண்டு பேரும் எழுதிக்கிட்டாங்க. இப்ப நான் யாரைப் போய்க் கேட்கறது?"

இந்தக் கடைசிக் கேள்விக்காகத்தான் இதை எழுதுகிறேன். அமெரிக்காவில் பல தனியார் பல்கலைக்கழகங்களுக்குச் சொந்தமாகவே போலீஸ் உண்டு. அதைச் சுற்றி நகரத்தின் போலீஸும் உண்டு. இருவரும் சேர்ந்து வேலை செய்ய எழுத்துப்பூர்வமான ஒப்பந்தம் பெரும்பாலும் இருக்கும். ஆனால் ஃபைல் யார் கையில் இருக்கிறது என்று பறிகொடுத்தவருக்குத் தெரியாவிட்டால், அது இரண்டு அலுவலகங்களுக்கும் நடுவில் கிடந்துவிடும். கீழே உள்ள வரிசையை மாற்றாமல் செய்யுங்கள். முதல் மூன்று படிகளை எதுவும் நடப்பதற்கு முன்பே முடித்துவிட வேண்டும்.

1. உங்கள் இடத்தில் இருப்பது போலீஸா, செக்யூரிட்டியா என்று தெரிந்துகொள்ளுங்கள்

சீருடை, ரோந்துக் கார், தலையில் சுழலும் விளக்கு எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும். அதிகாரம் ஒன்றல்ல.

பென்சில்வேனியா பல்கலைக்கழகத்திலும் சிகாகோ பல்கலைக்கழகத்திலும் இருப்பவர்கள் பதவிப் பிரமாணம் எடுத்த முழுப் போலீஸ் அதிகாரிகள். ஸ்டான்ஃபோர்டில் அவர்களுக்கு அதிகாரம் சாண்டா கிளாரா கவுண்டியின் (நம்மூர் மாவட்டம் போன்றது) போலீஸ் தலைவரான ஷெரிஃப் வழியாக வருகிறது. மாசசூசெட்ஸில் ஹார்வர்ட், எம்.ஐ.டி. போன்ற இடங்களில் மாநிலச் சட்டத்தின்கீழ் 'சிறப்பு மாநிலப் போலீஸ் அதிகாரி' என்று நியமிக்கப்படுகிறார்கள். நியூயார்க் பல்கலைக்கழகத்தில் இருப்பது பாதுகாப்புப் பணியாளர்கள். அங்கே போலீஸ் என்றால் நியூயார்க் நகரப் போலீஸான என்.ஒய்.பி.டி.தான்.

இதை ஏன் முதலில் பார்க்க வேண்டும்? செக்யூரிட்டி எழுதிக்கொள்வது பல்கலைக்கழகத்தின் உள்குறிப்பு. பாஸ்போர்ட், இன்ஷூரன்ஸ் எதற்கும் அதை நம்பிப் போக முடியாது. 'எழுதிக்கொண்டு போனார்கள்' என்று நிம்மதியாக இருந்துவிட்டு, ஒரு மாதம் கழித்துப் போலீஸ் ரிப்போர்ட்டே இல்லை என்று தெரிந்து பதறியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

எங்கே பார்ப்பது? ஒவ்வொரு பல்கலைக்கழகமும் ஆண்டுதோறும் அக்டோபர் 1-க்குள் 'ஆன்யூவல் செக்யூரிட்டி ரிப்போர்ட்' வெளியிட வேண்டும். கிளெரி சட்டம் என்ற கூட்டாட்சிச் சட்டம் அதைக் கட்டாயமாக்குகிறது. பல்கலைக்கழகத்தின் பெயரோடு சேர்த்துத் தேடினால் பி.டி.எஃப். கிடைக்கும். நீளமான ஆவணம், முழுவதும் படிக்க வேண்டாம். கைது செய்யும் அதிகாரம் யாருக்கு, உள்ளூர்ப் போலீஸோடு என்ன உறவு, குற்றங்களை விசாரிக்க எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் உண்டா என்று சொல்லும் பகுதியை மட்டும் படியுங்கள். இந்த மூன்றையும் அதில் சொல்லியே ஆக வேண்டும்.

2. வீடு எடுப்பதற்கு முன் 'லிமிட்'டைப் பாருங்கள்

நம்மூர் ஸ்டேஷனில் "இது எங்க லிமிட்ல வராது" என்று கேட்டுப் பழகியவர்களுக்கு இது புதிதில்லை. ஆனால் இங்கே லிமிட் தெருக்கணக்கில் மாறும்.

பிலடெல்பியாவில் பென் (பென்சில்வேனியா பல்கலைக்கழகம்) போலீஸின் ரோந்துப் பகுதி 30-ஆம் தெருவிலிருந்து 43-ஆம் தெரு வரை, மார்க்கெட் தெருவிலிருந்து பால்டிமோர் அவென்யூ வரை. வாடகை குறைகிறதே என்று 46-ஆம் தெருவில் வீடு எடுத்தால் அது அந்தக் கோட்டுக்கு வெளியே. அங்கே நகரப் போலீஸின் 18-ஆம் டிஸ்ட்ரிக்ட்தான் முதல் ஆள். சிகாகோவில் கதை வேறு. அங்கே பல்கலைக்கழகப் போலீஸ் 37-ஆம் தெருவிலிருந்து 64-ஆம் தெரு வரை, மாணவர் அல்லாத பொதுமக்கள் வசிக்கும் தெருக்களிலும் ரோந்து போகிறது. அதே தெருக்களில் நகரப் போலீஸும் இருக்கிறது. மாசசூசெட்ஸில் சட்டம் பேசுவது பல்கலைக்கழகம் சொந்தமாக வைத்திருக்கும் அல்லது பயன்படுத்தும் இடங்களைப் பற்றி. வெளியே தனியார் அப்பார்ட்மென்டில் திருட்டு போனால் அந்த ஊர்ப் போலீஸிடம் போகத் தயாராக இருங்கள். எந்த ஊர் என்பதிலும் கவனம் வேண்டும். ஹார்வர்டின் கட்டடங்கள் கேம்பிரிட்ஜிலும் இருக்கின்றன, ஆற்றுக்கு அந்தப்பக்கம் பாஸ்டனிலும் இருக்கின்றன.

இங்கே அதிகம் நடக்கும் தவறு, பல்கலைக்கழக ஷட்டில் வருகிறதே, அதனால் இது கேம்பஸ் போலீஸ் லிமிட்தான் என்று நினைப்பது. ஷட்டில் போகும் தூரம் வேறு, போலீஸ் லிமிட் வேறு. இரண்டு வரைபடத்தையும் தனித்தனியாகப் பாருங்கள்.

சீனியர் சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்வதும் சில நேரம் காலை வாரும். எமோரி பல்கலைக்கழகம் 2018 தொடக்கத்தில் அட்லாண்டா நகர எல்லைக்குள் சேர்க்கப்பட்டது. அதற்கு முன் அங்கே படித்தவர் சொல்லும் விவரம் இன்றைக்குப் பொருந்தாது. லிமிட்டும் ஒப்பந்தமும் மாறக்கூடியவை. அந்தந்த ஆண்டின் ரிப்போர்ட்டைப் பார்ப்பதுதான் நல்லது.

3. மூன்று எண்கள், ஐந்து போட்டோக்கள்

போனில் இவற்றைச் சேமியுங்கள்: ஏரியா கோடோடு கேம்பஸ் போலீஸின் அவசர எண், உங்கள் வீடு இருக்கும் பகுதிக்கான நகரப் போலீஸ் நிலையத்தின் எண், பல்கலைக்கழகத்தின் சர்வதேச மாணவர் அலுவலகம். கேம்பஸ் லேண்ட்லைனில் வேலை செய்யும் மூன்று நான்கு இலக்கக் குறுக்கெண் உங்கள் செல்போனில் வேலை செய்யாது. அதனால் முழு எண் வேண்டும்.

பாஸ்போர்ட்டின் முதல், கடைசிப் பக்கங்கள், விசா, ஐ-20 (மாணவர் விசாவுக்காகப் பல்கலைக்கழகம் தரும் படிவம்), லேப்டாப்பின் சீரியல் நம்பர். இவற்றைப் போட்டோ எடுத்து மெயிலில் வைத்துக்கொள்ளுங்கள். போனில் *#06# போட்டால் வரும் ஐ.எம்.இ.ஐ. எண்ணையும் குறித்து வையுங்கள். சீரியல் நம்பர் இல்லாத லேப்டாப், போலீஸுக்கு வெறும் 'கறுப்பு நிற லேப்டாப்'தான். கிடைத்தாலும் உங்களுடையது என்று நிரூபிக்க வழியில்லை. சைக்கிள் இருந்தால் கேம்பஸ் போலீஸிடம் பதிந்து வையுங்கள்.

4. சம்பவம் நடந்தவுடன்: யாருக்கு முதல் அழைப்பு

உயிருக்கோ உடம்புக்கோ ஆபத்து என்றால் அமெரிக்க அவசர எண் 911. லிமிட்டைப் பற்றி அந்த நேரத்தில் யோசிக்கவே கூடாது. யாரை அனுப்புவது என்பது அவர்கள் பாடு.

ஆனால் ஒன்று. செல்போனிலிருந்து போடும் 911 பெரும்பாலும் நகரத்தின் அல்லது கவுண்டியின் மையத்துக்குப் போகும். அங்கே எடுப்பவருக்கு "லைப்ரரி பின்னாடி", "இன்ஜினியரிங் பில்டிங் பக்கத்துல" என்பது புரியாமல் போகலாம். தெரு எண், தெருப் பெயர், பக்கத்துக் குறுக்குத்தெரு. இதுதான் உங்கள் முதல் வாக்கியமாக இருக்க வேண்டும். என்ன நடந்தது என்பது இரண்டாவது. லைன் கட் ஆனாலும் இடம் தெரிந்தால் ஆள் வந்துவிடுவார்கள்.

கேம்பஸ் கட்டடத்துக்குள் இருந்தால், கேம்பஸ் போலீஸ் எண்ணுக்குப் போடுவது வேகமாக இருக்கலாம். அவர்களுக்குக் கட்டடப் பெயரும் வாசலும் தெரியும். இரண்டுக்கும் போட்டுவிட்டால், "அவர்களுக்கும் சொல்லியிருக்கிறேன்" என்று இரண்டு பேரிடமும் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் ஒரே சம்பவம் இரண்டு தனித்தனி அழைப்பாகப் பதிவாகி, பின்னால் குழப்பமாகிவிடும்.

பதற்றத்தில் ஆங்கிலம் வராவிட்டால் வெட்கப்பட வேண்டாம். "தமிழ் இன்டர்ப்ரெட்டர்" என்று மட்டும் சொல்லுங்கள். பல மையங்களில் மொழிபெயர்ப்பாளரைப் போனிலேயே இணைப்பார்கள். 'இண்டியன்' என்று சொன்னால் ஹிந்தி பேசுபவர் வந்துவிடலாம்.

புதிதாக வந்தவர்கள் செய்வது என்னவென்றால், முதலில் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டு, ஊருக்குப் போன் செய்து அழுதுவிட்டு, ரூம்மேட் வரட்டும் என்று காத்திருந்து, இரண்டு மணி நேரம் கழித்துப் போலீஸைக் கூப்பிடுவது. பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த இரண்டு மணி நேரத்தில்தான் திருடியவர் அதே பகுதியில் இருப்பார்.

5. வந்த அதிகாரியிடம் நான்கு கேள்விகள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

இரண்டு சீருடைகளும் வந்து நிற்கும்போது, ஒருவர் விசாரிப்பவர், இன்னொருவர் உதவிக்கு வந்தவர். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. அதிகமாகப் பேசியவர்தான் பொறுப்பானவர் என்று நாம் நினைத்துக்கொள்வோம். பல முறை அப்படி இருக்காது.

அதனால் அவர்கள் கிளம்பும் முன் கேளுங்கள்: ரிப்போர்ட்டை எழுதப்போவது யார்? ரிப்போர்ட் நம்பர் என்ன? இதற்கு மேல் விசாரிக்கப்போவது எந்தத் துறை? உங்கள் பெயரும் பேட்ஜ் எண்ணும் என்ன? மரியாதையாகக் கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கார்டின் பின்பக்கம் எழுதித் தருவது அங்கே வழக்கம்தான்.

மூன்றாவது கேள்வி ஏன்? முதலில் வருபவரும் பிறகு விசாரிப்பவரும் ஒரே துறையாக இருக்க வேண்டும் என்று இல்லை. குற்றத்தின் வகையைப் பொறுத்து ஒப்பந்தம் வேலையைப் பிரித்துக்கொடுக்கும். பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகப் போலீஸை அனுமதித்த 2019 மேரிலாந்துச் சட்டம் நல்ல உதாரணம். கொலை, பாலியல் வன்முறை, வழிப்பறி, கடும் தாக்குதல் போன்றவற்றில் முதன்மைப் பொறுப்பு நகரப் போலீஸுக்கு. சாதாரணத் திருட்டு, வீடு புகுந்து திருடுவது, வாகனத் திருட்டு இவற்றுக்கு அந்த விதி இல்லை. ஆக, ஒரே தெருமுனையில் பையை யாரும் பார்க்காமல் தூக்கிக்கொண்டு போனால் ஃபைல் ஓரிடத்தில், மிரட்டிப் பிடுங்கினால் இன்னோரிடத்தில். கலிபோர்னியாவில் 1998-இல் வந்த கிறிஸ்டின் ஸ்மார்ட் சட்டமும் இதைத்தான் கேட்கிறது: கொடுங்குற்றங்களை யார் விசாரிப்பது, எல்லைக்கோடு எது என்று கேம்பஸ் தரப்பும் உள்ளூர்ப் போலீஸும் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

இதனால்தான் என்ன நடந்தது என்பதைச் சரியான சொல்லில் சொல்ல வேண்டும். தள்ளிவிட்டார்களா, கத்தியைக் காட்டினார்களா, மிரட்டினார்களா? "பரவாயில்லை, பெருசா ஒண்ணும் இல்லை" என்று நம் பிள்ளைகள் குறைத்துச் சொல்வார்கள். குறைத்துச் சொன்னால் குற்றத்தின் வகையே மாறும், வகை மாறினால் ஃபைல் போகும் மேசையும் மாறும். கூட்டியும் சொல்லாதீர்கள். நடந்ததை நடந்தபடி.

நம்பர் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. அழைப்புக்கு ஒரு எண் இருக்கும், ரிப்போர்ட்டுக்கு ஒரு எண் இருக்கும். உங்களுக்கு வேண்டியது ரிப்போர்ட் எண். சிகாகோவில் நகரப் போலீஸ் அதை ஆர்.டி. நம்பர் என்பார்கள், பிலடெல்பியாவில் டி.சி. நம்பர். நம்மூர் எஃப்.ஐ.ஆர். போலக் கையெழுத்துப் போட்டுக் கையில் நகல் தருவார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள். எண்தான் தருவார்கள். நகலை நீங்கள்தான் பிறகு கேட்டு வாங்க வேண்டும்.

6. அன்றிரவே எழுதுங்கள், கேமராவைக் கேளுங்கள்

தூங்குவதற்கு முன், நேரவாரியாக, தமிழிலேயே எழுதிவிடுங்கள். எத்தனை மணிக்கு எங்கே இருந்தீர்கள், என்ன உடை, எந்தப் பக்கம் ஓடினார். இரண்டு துறைகள் இரண்டு முறை கேட்கும்போது பதில் மாறாமல் இருக்க இது உதவும்.

அடுத்து கேமரா. பதிவுகள் ஒரு கட்டத்தில் அழிந்து, மேலே புதியது பதியும். பல்கலைக்கழகக் கட்டடத்தின் கேமராவும் வாசலில் கார்டு தேய்த்த விவரமும் கேம்பஸ் போலீஸால் சீக்கிரம் எடுக்க முடிந்தவை. தெருமுனைக் கடையின் கேமராவை விசாரிக்கும் அதிகாரி போய்க் கேட்க வேண்டும். எங்கே கேமரா இருக்கிறது என்று நீங்களே நடந்து பார்த்துக் குறித்து, இரண்டு தரப்புக்கும் மெயில் அனுப்புங்கள். "இந்தத் தேதி, இந்த நேரம், இந்த இடம், பதிவை அழியாமல் வைக்கக் கேட்டுக்கொள்கிறேன்" என்று ஒரு வரி போதும். போனில் சொன்னால் ஆதாரம் இருக்காது.

7. அடுத்த நாள்: இரண்டு ஃபைலையும் கோத்துவிடுங்கள்

ஒரு தங்கையின் வழக்கை என்னால் மறக்க முடியவில்லை. ஆராய்ச்சித் தரவு முழுவதும் இருந்த லேப்டாப் போனது. கேம்பஸ் தரப்பு, நகர டிடெக்டிவ் பார்த்துக்கொள்வார் என்று இருந்தது. நகரத் தரப்பின் பதிவில், 'கேம்பஸ் போலீஸுக்கு உதவி' என்று மட்டும் இருந்தது. மூன்று வாரம் யாரும் தொடவில்லை. நாங்கள் போய்க் கேட்டபோது கேமராப் பதிவு அழிந்துவிட்டிருந்தது. யாரும் கெட்டவர்கள் இல்லை. இரண்டு பேரும் மற்றவர் செய்வார் என்று நம்பினார்கள், அவ்வளவுதான். அவள் முகம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

அதனால் மறுநாளே இரண்டு அலுவலகங்களுக்கும் போன் செய்யுங்கள். "என் ரிப்போர்ட் எண் இது. இன்னொரு துறையிடம் உள்ள எண் இது. இதை என் ஃபைலில் சேர்த்துக்கொள்ள முடியுமா? இப்போது விசாரிப்பது நீங்களா, அவர்களா?" இருவரின் பதிலும் ஒத்துப்போனால் சரி. ஒத்துப்போகாவிட்டால், இரண்டு பேரையும் ஒரே மெயிலில் வைத்துக் கேளுங்கள். ஒருவரை ஒருவர் பார்த்துவிட்டால் அவர்களே பேசி முடித்துவிடுவார்கள்.

8. நகல் வாங்குவதும் ஆவணங்களை மீட்பதும்

நகரப் போலீஸ் அரசுத் துறை. ரெக்கார்ட்ஸ் பிரிவில் விண்ணப்பித்தால், சில இடங்களில் சிறு கட்டணத்தோடு, நகல் கிடைக்கும்.

தனியார் பல்கலைக்கழகப் போலீஸ் விஷயத்தில் மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறு. மாசசூசெட்ஸ் உச்ச நீதிமன்றம் 2006-இல், ஹார்வர்ட் போலீஸின் ஆவணங்கள் பொது ஆவணங்கள் ஆகாது என்றது. இண்டியானா உச்ச நீதிமன்றம் 2016-இல் நோட்டர் டேம் வழக்கில் அதே பக்கம் நின்றது. ஒஹாயோ உச்ச நீதிமன்றம் 2015-இல் ஆட்டர்பைன் பல்கலைக்கழகப் போலீஸ் ஆவணங்களைத் தர வேண்டும் என்றது. இதைப் படித்துப் பயப்படாதீர்கள். 'பொதுஜனம் கேட்கிறேன்' என்று போகாமல், 'பாதிக்கப்பட்டவர், என் சொந்த ரிப்போர்ட்' என்று அடையாள அட்டையோடு போய்க் கேளுங்கள். முழு அறிக்கை தராவிட்டால், இன்ன தேதியில் இன்ன பொருள் திருட்டு என்று புகார் பதிவாகியிருப்பதாகத் துறையின் தாளில் ஒரு கடிதம் கேளுங்கள்.

பதிவாகியிருக்கிறதா என்று சரிபார்க்க இன்னொரு வழி உண்டு. கேம்பஸ் போலீஸோ செக்யூரிட்டியோ வைத்திருக்கும் பல்கலைக்கழகம் 'டெய்லி கிரைம் லாக்' என்ற தினசரிக் குற்றப் பதிவேட்டை வைத்தாக வேண்டும். தனியாருக்கும் இது பொருந்தும். புகார் வந்த இரண்டு வேலைநாட்களுக்குள் அதில் ஏற வேண்டும், கடந்த 60 நாள் பதிவை அலுவலக நேரத்தில் யார் கேட்டாலும் காட்ட வேண்டும். கேம்பஸ் போலீஸிடம் தந்த புகார் அதில் இல்லை என்றால் உடனே கேளுங்கள்.

பாஸ்போர்ட் போயிருந்தால் வரிசை இது: போலீஸ் ரிப்போர்ட் முதலில், அது இல்லாமல் இந்தியப் பாஸ்போர்ட் மறுவிண்ணப்பம் நகராது. அதே நாளில் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் ஐ-20 மறுபிரதி கேளுங்கள். அமெரிக்காவுக்குள் நுழைந்த பதிவான ஐ-94-ஐ அமெரிக்க எல்லைத்துறை இணையதளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம். ரிப்போர்ட்டில் பாஸ்போர்ட் எண் எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். 'பை திருட்டு' என்று மட்டும் இருந்தால், அதில் பாஸ்போர்ட்டும் இருந்தது என்று கூடுதல் ரிப்போர்ட் எழுதச் சொல்லுங்கள்.

9. பாலியல் வன்முறை, பின்தொடர்தல்: இதற்கு வேறு வரிசை

இங்கே மேலே சொன்ன அவசரம் எதுவும் உங்கள்மேல் திணிக்கப்படக் கூடாது. போலீஸிடம் போவதா, எந்தப் போலீஸிடம், அல்லது போகாமலே இருப்பதா என்பது பாதிக்கப்பட்டவரின் முடிவு. அந்த உரிமையைப் பல்கலைக்கழகம் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். போக விரும்பினால் உதவவும் வேண்டும்.

பேசுவதற்கு முன் ஒன்று தெரிந்திருக்கட்டும். பேராசிரியர், விடுதிப் பொறுப்பாளர் போன்றவர்கள் பல இடங்களில் கேட்டதை மேலே சொல்லக் கடமைப்பட்டவர்கள். கவுன்சிலிங் மையம் ரகசியம் காக்கும். முதலில் அங்கே போங்கள். மருத்துவமனையில் தடய சேகரிப்புப் பரிசோதனையைப் போலீஸ் புகார் இல்லாமலே, கட்டணமில்லாமல் செய்துகொள்ளலாம். முடிந்தால் குளிக்காமல், உடையைக் காகிதப் பையில் வைத்து எடுத்துப் போங்கள். புகாரைப் பிறகு முடிவு செய்யலாம், தடயத்தைப் பிறகு திரும்பப் பெற முடியாது.

10. வழக்கு நகராவிட்டால்

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒரே மெயில் சங்கிலியில், ரிப்போர்ட் எண்ணைத் தலைப்பில் போட்டு, நிலை என்ன என்று கேளுங்கள். 'இனாக்டிவ்' என்று வந்தால் மூடிவிட்டார்கள் என்று பொருள் இல்லை. புதிய தகவல் வந்தால் எடுப்பார்கள். திருடுபோன போன் எங்கே இருக்கிறது என்று வரைபடத்தில் தெரிந்தால் நீங்களே போய்க் கதவைத் தட்டாதீர்கள். அந்த இடத்தை விசாரிப்பவருக்கு அனுப்புங்கள்.

ஊரிலிருந்து அப்பா, அம்மா போன் செய்தால் போலீஸ் தரப்பில் பெரும்பாலும் எதுவும் சொல்ல மாட்டார்கள். 18 வயது கடந்தவரின் வழக்கு அவருடையது. நீங்களே பேசுங்கள், பெற்றோருக்கு எண்ணை மட்டும் அனுப்பி வையுங்கள்.

யாராவது பிடிபட்டால் வழக்கை நடத்துவது கேம்பஸ் போலீஸும் அல்ல, சிட்டி போலீஸும் அல்ல. அந்தக் கவுண்டியின் அரசு வழக்கறிஞர் அலுவலகம். சாட்சி அழைப்பு அங்கிருந்து, நீங்கள் முதல் ரிப்போர்ட்டில் தந்த முகவரிக்கு வரும். அதற்குள் நீங்கள் வீடு மாறியிருப்பீர்கள், படிப்பு முடிந்து வேறு மாநிலத்துக்குப் போயிருப்பீர்கள். அதனால் வீடு மாறும் வாரமே, மின் இணைப்பை மாற்றும்போது இதையும் சேர்த்து, புதிய முகவரியையும் நிரந்தர மெயிலையும் இரண்டு ஃபைலிலும் மாற்றச் சொல்லி எழுதிவிடுங்கள். பல்கலைக்கழக மெயிலைக் கொடுத்திருந்தால், அது முடங்குவதற்கு முன்பாக.